இடது கைப்பிடி

குஷன்காரரின் வாயில் எந்நேரமும் பத்துப் பதினைந்து ஆணிகள் இருக்கும். நாற்காலிச் சட்டத்தில் ரெக்சினை வைத்து அறைகிற சின்ன ஆணிகள். ஒரு கை ரெக்சினை இழுத்துப் பிடித்திருக்கும், மறு கையில் சுத்தியல் இருக்கும், ஆணி எடுக்க மூன்றாவது கைக்கு எங்கே போவது? அதனால் நாக்காலேயே ஓர் ஆணியைப் புரட்டி, தலைப்பக்கம் வெளியே தெரிகிற மாதிரி உதட்டுக்குக் கொண்டுவருவார். காந்தச் சுத்தியலை உதட்டில் ஒற்றி எடுத்தால் ஆணி ஒட்டிக்கொண்டு வரும். முதல் அடியில் நிற்கும், இரண்டாம் அடியில் உள்ளே போய்விடும். "வாயில ஆணி இருந்தா கேட்ட கேள்விக்கு பதில் சொல்ல வேணாம் பாருங்க, அந்த வசதிக்குத்தான்" என்பாள் அவர் மனைவி. இருபத்தெட்டு வருடம் அவரோடு குடித்தனம் செய்தவள், சும்மா சொல்ல மாட்டாள்.

முன்னால் கடை, பின்னால் வீடு, நடுவில் ஒரு துணித் திரை. பிரித்துப்போட்ட சோபாக்கள், முடிவெட்டும் கடையிலிருந்து வந்த சுழல் நாற்காலிகள், மோட்டார் சைக்கிள் சீட்டுகள் எல்லாம் கடையில் பாதியை அடைத்துக்கொண்டிருக்கும். வாசலோரம் வெளிச்சம் விழுகிற இடத்தில் தையல் மெஷின். அதில் உட்காருகிறவள் மகள். வயது இருபத்தாறு ஆகியும் வீட்டில் பாப்பாதான். மூன்று மடிப்பு ரெக்சினை வளைவில் விட்டாலும் அவள் தையல் ஒரு நூல் பிசகாது. அளவெடுத்து வெட்டுவதும் பஞ்சு ஒட்டுவதும் மனைவி. சட்டமும் ஆணியும் அவர்.

அந்த வருடம் மழை விடாமல் பிடித்துக்கொண்டது. ஒட்டிய பசை காயவில்லை. பஞ்சு ஈரத்தைக் குடித்துக் கனத்துக் கிடந்தது. அதோடு பாப்பாவின் தையலும் கோணத் தொடங்கியது. ஒரு சோபா முதுகுக்கு விளிம்பு வைத்ததை இரண்டு தடவை பிரித்து மறுபடி தைத்தாள். சளி பிடித்திருக்கிறது என்று சொல்லிக் காதையும் கன்னத்தையும் சேர்த்து ஒரு துண்டால் கட்டிக்கொண்டாள். சாப்பாட்டில் ரொட்டியைப் பாலில் ஊறப்போட்டு ஒரு பக்கமாகவே மென்றாள். குஷன்காரர் பார்த்தார், ஆனால் ஒன்றும் கேட்கவில்லை. சமையலறையில் கிராம்பு டப்பா காலியானதை வைத்துத்தான் பல்வலி என்று மனைவி கண்டுபிடித்தாள்.

காலையில் மெஷினுக்கு முன்னால் போய் நின்று துண்டை அவிழ்க்கச் சொன்னாள். பாப்பா மாட்டேன் என்றாள். மனைவி தானே அவிழ்த்தாள். வலது தாடை பந்து மாதிரி வீங்கி, தோல் பளபளவென்று இருந்தது.

"எத்தன நாளா இது?"

"நாலு நாள்."

"என்கிட்ட பொய் சொல்லாத."

"வீக்கம் நாலு நாளாத்தான். வலி மூணு மாசமா இருக்கு."

மனைவி வாயில் கையை வைத்துக்கொண்டாள். பிறகு கணவரைப் பார்த்து, நீங்களாவது ஒரு வார்த்தை சொல்லுங்களேன் என்றாள். அவர் வாய் நிறைய ஆணி. முழுதாக ஐந்து ஆணிகளை அடித்து முடிக்கிற வரைக்கும் அவர் தலை நிமிரவில்லை. அதற்குள் மனைவி குடையை எடுத்துக்கொண்டு மருந்துக்கடைக்குப் போயிருந்தாள்.

மருந்துக்கடைக்காரர் மாத்திரை தர மறுத்துவிட்டார். இந்த வீக்கம் தாடையோடு நிற்காமல் கழுத்துக்கு இறங்கினால் மூச்சுக் குழாயை அழுத்தும், அப்படி ஒருவரைப் பெரிய ஆஸ்பத்திரியில் கழுத்தைக் கீறிப் பிழைக்க வைத்தார்கள், உடனே பல் டாக்டரிடம் காட்டுங்கள் என்று கையெடுத்துக் கும்பிடாத குறையாகச் சொல்லி அனுப்பினார். மனைவி வந்து அதை அப்படியே ஒப்பித்தாள். பாப்பாவின் முகம் வெளுத்தது, ஆனால் எழுந்திருக்கவில்லை.

"ஆஸ்பத்திரில சேத்து மயக்க மருந்து குடுத்து என்ன வேணாலும் பண்ணட்டும்மா. கழுத்தக்கூட கீறட்டும். அந்த நாற்காலில மட்டும் நான் உக்கார மாட்டேன்."

குஷன்காரர் சுத்தியலைக் கீழே வைத்தார். அந்த நாற்காலி எது என்று வீட்டில் அவருக்கும் பாப்பாவுக்கும் மட்டும்தான் தெரியும்.

பாப்பாவுக்கு ஒன்பது வயதில் கடைவாயில் ஒரு பல் சொத்தையாகிச் சீழ் கோத்தது. அப்போது கடைத்தெருவில் இருந்த ஒரு பல் டாக்டர், காத்திருக்கும் அறைக்கு எட்டு பெஞ்சு தைக்கக் கொடுத்திருந்தார். குஷன்காரர் தனியாகக் கடை போட்டு வந்த முதல் பெரிய வேலை அது. மனைவி காய்ச்சலில் படுத்திருந்ததால் அவரே பாப்பாவைத் தூக்கிக்கொண்டு அந்த டாக்டரிடம் போனார். வழியெல்லாம், சும்மா பார்க்கத்தான் போகிறோம், ஒன்றும் செய்யமாட்டார்கள் என்று சொல்லிக்கொண்டே போனார். அவளும் நம்பிக்கொண்டே வந்தாள்.

டாக்டர் ஊசி போட்டார். ஐந்து நிமிடம் கழித்துப் பல்லில் குறடு வைத்தார். பாப்பா அலறினாள். மரத்துப்போச்சு, இது வெறும் நடிப்பு, கையைப் பிடியுங்கள் என்றார் டாக்டர். குஷன்காரர் பிடித்தார். இரண்டு சின்ன மணிக்கட்டுகளையும் நாற்காலியின் கைப்பிடிகளோடு சேர்த்து, ரெக்சினை இழுத்துப் பிடிக்கிற பிடியாகவே பிடித்தார். "அப்பா, வலிக்குது, அப்பா" என்று அவள் கத்தினாள். அந்தப் பல் உடைந்து, இரண்டாம் தடவை குறடு உள்ளே போய், மூன்றாம் தடவையில்தான் வேர் வந்தது. நிறுத்துங்கள் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. அன்றைக்கு அவர் வாயில் ஆணி எதுவும் இல்லை. பெஞ்சு வேலை கொடுத்த மனிதர், படித்தவர், அவர் முன்னால் என் குழந்தை இப்படி ஊரைக் கூட்டுகிறதே என்று வெட்கமாக இருந்தது, அவ்வளவுதான். வீட்டுக்கு வந்து மனைவியிடம், கொஞ்சம் அழுதாள், சரியாகிவிட்டது என்றார்.

கதை அதோடு முடிந்திருந்தால்கூட மனதைத் தேற்றிக்கொண்டிருப்பார். மூன்று வருடம் கழித்து அதே டாக்டரின் நாற்காலி உறை மாற்றக் கடைக்கு வந்தது. உட்காருகிற இடம் நன்றாகத்தான் இருந்தது. கைப்பிடி இரண்டும்தான் போயிருந்தன. நுனியில் பெரியவர்கள் பிடித்துப் பிடித்து வெளுத்த தடம். அதற்கு ஒரு சாண் பின்னால், பெரியவர்கள் கை போகாத இடத்தில், ரெக்சின் முழுக்கப் பிறை பிறையாகக் கீறல். எல்லாம் சின்ன நகங்கள். எத்தனை பிள்ளைகளோ, எண்ணி மாளாது. எது பாப்பாவுடையது என்று அவர் தேடினார். கொஞ்ச நேரம் தேடிவிட்டுப் பயந்துபோய் நிறுத்திக்கொண்டார்.

பழைய உறையைப் பிரித்து, அதையே அளவாக வைத்துப் புது உறை வெட்டுவதுதான் அந்தத் தொழிலில் வழக்கம். வெட்டுகிறவள் மனைவி. அன்றைக்கு மட்டும் அவளிடம் கொடுக்காமல் தானே வெட்டி, தானே தைத்து, பழையதைச் சுருட்டிக் குப்பை வண்டியில் போட்டார். புது நாற்காலி மாதிரி இருக்கிறதே என்று டாக்டர் பாராட்டினார். போதாததற்கு, மைத்துனி தன் பிள்ளைக்குப் பல் டாக்டர் யாரையாவது தெரியுமா என்று கேட்டபோது, மனைவி பக்கத்திலேயே இருக்க, வேறு என்ன சொல்வது என்று தெரியாமல் அந்த டாக்டர் பெயரையே சொன்னார். அந்தப் பிள்ளைக்கு என்ன ஆயிற்று என்று இன்றைக்கு வரை அவர் விசாரிக்கவில்லை. அந்த டாக்டர் கடையை மூடிக்கொண்டு போய் வெகுகாலம் ஆயிற்று. குஷன்காரர் மனதில் மட்டும் அவர் தினமும் கடை திறந்துகொண்டிருந்தார்.

பாப்பாவுக்கு அன்றிலிருந்து பல் டாக்டர் என்ற சொல்லே ஆகாது. போர்டு தெரிந்தால் சாலையின் எதிர்ப்பக்கம் போய் நடப்பாள். பதினேழு வருடம் இப்படி ஓடிப்போனது, இப்போது தாடையில் வந்து நின்றது.

நல்ல டாக்டர் யார் என்று கேட்டால் ஊர் சும்மா இருக்குமா? பக்கத்து ஜெராக்ஸ் கடைக்கார அம்மா ஒருவரைச் சொன்னாள், அவள் கணவன் அதே ஆளைக் கசாப்புக்காரன் என்றான். தையல் நூல் போடுகிறவன் சொன்ன டாக்டர் போன வருடமே செத்துப்போயிருந்தார். மனைவி கேட்டுக் கேட்டு அலுத்து, உங்களுக்கு யாரையாவது தெரியாதா என்று கணவரிடமே வந்து நின்றாள். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே கிளம்பினார்.

டாக்டர்களைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் ஒரு சீட்டைப் பார்த்தால் போதும், அதில் உட்கார்ந்தவன் எந்தப் பக்கம் சாய்ந்தான், பர்ஸை எந்தப் பையில் வைக்கிறான், பொறுமைசாலியா, காலாட்டுகிறவனா என்று சொல்லிவிடுவார். டாக்டர் நாற்காலியும் நாற்காலிதானே என்பது அவர் கணக்கு. எந்தக் கைப்பிடியில் நகம் படவில்லையோ அங்கே வலிக்கவில்லை என்று அர்த்தம். பதினேழு வருடம் உள்ளேயே வைத்துக் குமைந்த மனிதருக்கு அது பெரிய கண்டுபிடிப்பாகத் தோன்றியது.

மழையில் மூன்று இடம் ஏறி இறங்கினார். குஷன் வேலைக்காரன், நாற்காலிக்கு உறை மாற்றணுமா பார்க்க வந்தேன் என்று சொன்னால் யாரும் தடுக்கவில்லை. முதல் இடத்தில் கைப்பிடி இரண்டும் பிய்ந்து பஞ்சு தெரிந்தது. கும்பிடு போட்டுவிட்டு இறங்கிவிட்டார். இரண்டாவது இடம் ஒரு பழைய கட்டடத்தின் மாடி. அங்கே ஒரு டாக்டரம்மா. நாற்காலியின் வலது கைப்பிடி கந்தல். கிழிசலின் மேல் கறுப்பு டேப்பைச் சுற்றியிருந்தார்கள், அந்த டேப்பிலும் நகம் பட்டிருந்தது. இடதுபக்கம் நன்றாக இருந்ததை அவர் பார்த்தார், ஆனால் மனதில் வாங்கிக்கொள்ளவில்லை. டாக்டரம்மா, மாற்றணும்தான், நேரமே கிடைக்கவில்லை, வந்து அளவெடுத்துக்கொள்ளுங்கள் என்றார். அப்புறம் வருகிறேன் என்று சொல்லி நழுவினார். மூன்றாவது இடம் கண்ணாடிக் கதவு போட்ட பெரிய கிளினிக். நாற்காலியின் கைப்பிடிகள் இரண்டும் வெண்ணெய் மாதிரி வழவழவென்று இருந்தன. ஒரு கீறல் இல்லை. குஷன்காரருக்குக் கண் கலங்கிவிட்டது.

வீட்டுக்கு வந்து, வலிக்கவே வலிக்காத டாக்டர் ஒருவர் கிடைத்திருக்கிறார், தலையில் அடித்துச் சத்தியம் செய்கிறேன் என்றார். வாழ்க்கையில் அவர் இத்தனை உறுதியாக எதையும் சொன்னதில்லை. காய்ச்சல் வேறு ஏறியிருந்ததால் பாப்பாவும் வந்தாள். ஆட்டோவில் வழி முழுக்க அம்மாவின் முந்தானையை உருண்டையாகச் சுருட்டிப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

கண்ணாடிக் கதவு டாக்டர் சின்ன வயசு, வேகமானவர். அவளை உட்கார வைத்து நாற்காலியைப் பின்னால் சாய்த்தார். பாப்பாவின் கை கைப்பிடியைப் பிடித்தது. விரல் அடிப்பக்கம் போய் விளிம்பைத் தடவியது. தைப்பவள் கைக்கு அதுதான் பழக்கம். அந்த நேரம் பார்த்து டாக்டர் குனிந்து, "பயப்படாதீங்க, சும்மா பார்க்கத்தான்" என்றார். அவர் கையில் ஊசி இருந்தது.

பாப்பா எழுந்தாள். தட்டு சரிந்து சாமான்கள் கலகலவென்று விழுந்தன. மூவரும் மழையில் ஒரு கடை ஓரமாக ஒதுங்கி நிற்கும்போதுதான் அவளுக்கு மூச்சு வந்தது. டாக்டர் மேல் கோபப்படவில்லை, அப்பா பக்கம் திரும்பினாள்.

"இவர் நல்ல டாக்டர்னு உங்களுக்கு யார் சொன்னது?"

அவருக்கு வேறு வழியில்லை. கைப்பிடி விஷயத்தைச் சொன்னார். பாப்பா வீங்கிய முகத்தோடு அவரையே பார்த்தாள். சிரிப்பு வந்தது, தாடை விடவில்லை.

"அந்த உறை போட்டு பத்து நாள்கூட ஆகலப்பா. அடியில பசை இன்னும் பிசுபிசுங்குது. ஸ்டேப்ளர் பின் எல்லாம் பளபளன்னு இருக்கு. யாரோ அவசரத்துல அடிச்சுக் குடுத்திருக்காங்க, மூலைல சுருக்கம் வேற. நீங்க பார்க்கலயா?"

பார்க்கவில்லை. முப்பது வருடம் அதே வேலை செய்த மனிதர், கண்ணெதிரே இருந்த பசையையும் பின்னையும் பார்க்கவில்லை. பார்க்க ஆசைப்படவில்லை என்பதுதான் நிஜம்.

"புது உறை போட்டா நல்ல டாக்டராகிடுவாரா? உள்ள எப்படி இருந்தாலும் மேல மூடிக் குடுக்கறதுதான நம்ம வேலையே" என்றாள் பாப்பா. அவள் வேறெதையும் நினைத்துச் சொல்லவில்லை. அவருக்குத்தான் அது எங்கே பட வேண்டுமோ அங்கே போய்ப் பட்டது.

மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். மற்ற இரண்டு நாற்காலியும் எப்படி இருந்தன என்று பாப்பா கேட்டாள். ஆட்டோ கிடைக்கிற வரைக்கும் பேச்சு வேண்டுமே என்று அவர் சொன்னார். மாடியிலிருக்கும் டாக்டரம்மாவின் நாற்காலியைச் சொன்னபோது பாப்பா நிறுத்தினாள்.

"வலதுல மட்டுமா கிழிஞ்சிருந்துச்சு?"

"வலது கந்தல். டேப் சுத்தியிருக்காங்க."

"இடதுல?"

"இடது நல்லாத்தான் இருந்துச்சு."

"அதெப்படி? பயந்தா ரெண்டு கையாலயும்தான புடிப்பாங்க. இடது கைய என்ன பண்ணுவாங்க?"

அவரும் யோசித்தார். வலதுகைக்காரர்கள் அதிகம் என்று சொல்லிப் பார்த்தார். அவளுக்கு அது ஒத்துவரவில்லை. ஒரு தையல் ஏன் கோணுகிறது என்று தெரியாமல் அவளால் அடுத்ததற்குப் போக முடியாது. சின்ன வயதிலிருந்தே அந்தப் பிடிவாதம் உண்டு. கடைசியில் அவளே, "அத மட்டும் பார்த்துட்டு வந்துடலாம். உக்கார மாட்டேன்" என்றாள். மனைவி அதற்குமேல் ஒரு வார்த்தை பேசாமல் ஆட்டோவைக் கைதட்டிக் கூப்பிட்டாள்.

மாடியில் கூட்டமில்லை. டாக்டரம்மாவுக்கு நாற்பது நாற்பத்தைந்து வயதிருக்கும். குஷன்காரரை அடையாளம் கண்டு, அளவெடுக்க வந்தீங்களா என்றார். பிறகு பாப்பாவின் தாடையைப் பார்த்துவிட்டுப் பேச்சை மாற்றினார். நாற்காலியில் உட்காரச் சொல்லவில்லை. மேசைக்கு எதிரே இருந்த சாதாரண நாற்காலியைக் காட்டினார், தானும் எதிரே உட்கார்ந்தார். என்ன செய்கிறது என்று அவர் கேட்பதற்குள் பாப்பா கேட்டாள்.

"உங்க நாற்காலில வலது பக்கம் மட்டும் ஏன் கிழிஞ்சிருக்கு?"

டாக்டரம்மா திரும்பி அந்தக் கைப்பிடியைப் புதிதாகப் பார்க்கிற மாதிரி பார்த்தார்.

"இத இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல" என்றார். "நான் வலது பக்கம் உக்காந்து வேலை செய்வேன். அதனால இடது கைய சும்மா விட்டுடுங்கன்னு சொல்லிடுவேன். வலிச்சா, பயமா இருந்தா, எச்சில் முழுங்கணும்னா, எதுக்கா இருந்தாலும் இடது கைய தூக்குங்க. தூக்கினா நிறுத்திடுவேன். ஏன்னு கேக்க மாட்டேன். நீங்க சொன்ன பிறகுதான் மறுபடி தொடங்குவேன். அதனால எல்லாரும் வலது கைலதான் புடிச்சுக்குவாங்க."

"நிஜமாவே நிறுத்துவீங்களா?"

"நிறுத்தலன்னா அப்பறம் யாரும் கைய தூக்க மாட்டாங்களேம்மா. அந்தக் கைப்பிடியையும் கிழிச்சிருப்பாங்க."

பாப்பா டேப் சுற்றாத இடது கைப்பிடியைப் பார்த்தாள். பிறகு ஒன்பது வயதில் நடந்ததைச் சொல்லத் தொடங்கினாள். மனைவி முதல்முறையாக அதைக் கேட்கிறாள். ஊசி போட்டதையும், பல் உடைந்ததையும், மூன்று தடவை குறடு வந்ததையும் சொன்னாள். கையைப் பிடித்தார்கள் என்றாள், யார் என்று சொல்லவில்லை. மனைவி மெல்லத் தலையைத் திருப்பிக் கணவரைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார்.

"ஊசி போட்டும் வலிச்சுதுன்னு சொன்னா நடிக்கிறேன்னு சொன்னாங்க. நான் நடிச்சேனான்னு எனக்கே இப்ப சந்தேகம் வந்திடுச்சு" என்றாள் பாப்பா.

"நீங்க நடிக்கல. சீழ் புடிச்ச இடத்துல அந்த மருந்து சரியா வேலை செய்யாது. பாதிதான் மரத்திருக்கும், சில சமயம் அதுவும் இருக்காது. உங்களுக்கு நிஜமாவே வலிச்சிருக்கும்."

டாக்டரம்மா இதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். குஷன்காரருக்கு உட்கார முடியவில்லை, எழுந்திருக்கவும் முடியவில்லை. குழந்தை கொஞ்சம் மிகைப்படுத்தியிருப்பாள் என்ற ஒரு நினைப்பைத்தான் அவர் பதினேழு வருடமாக அடிக்கடி எடுத்துத் தடவிக்கொடுத்து வந்தார். அதுவும் போயிற்று. குற்றம் முழுசாக அவர் மடியில் வந்து உட்கார்ந்தது.

அன்றைக்கு வாய்க்குள் ஆயுதம் எதுவும் போகவில்லை. டாக்டரம்மா பாப்பா கையில் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியைக் கொடுத்து, அவளையும் பார்க்கச் சொல்லி, விளக்கடித்துப் பார்த்தார். வாய் நன்றாகத் திறக்கிறது, வீக்கம் இன்னும் கழுத்துக்கு இறங்கவில்லை, நல்ல வேளை என்றார். ஒரு எக்ஸ்ரே படம் எடுத்தார். நான்கு நாளைக்கு மாத்திரை எழுதினார். நடுவில் வீக்கம் கூடினாலோ முழுங்கக் கஷ்டமாக இருந்தாலோ எந்த நேரமானாலும் கூப்பிடச் சொல்லி நம்பரை எழுதிக் கொடுத்தார். சீழ் வடிந்த பிறகு பல்லைத் திறந்து வேரைச் சுத்தம் செய்வோம், பல்லைக் காப்பாற்றிவிடலாம் என்றார்.

அந்த நான்கு நாளும் மனைவி கணவரிடம் பேசவில்லை. கஞ்சியை வைப்பாள், தட்டை எடுப்பாள். ஒரே ஒரு தடவை, பஞ்சு வெட்டிக்கொண்டிருந்தவள் கத்தியை நிறுத்தி, "என் தங்கச்சி பிள்ளையையும் அங்கதான அனுப்பினீங்க" என்றாள். அவர் ஆமாம் என்றார். அவள் மறுபடி வெட்டத் தொடங்கினாள். திட்டியிருந்தால்கூட அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும். வீக்கம் வடிய வடிய, பாப்பா ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கூடுதலாகச் சாப்பிட்டாள். அதைப் பார்ப்பதுதான் அவருக்கு இருந்த ஒரே சந்தோஷம்.

ஐந்தாம் நாள், சோபா ஒன்றை அன்றைக்கே முடித்தாக வேண்டியிருந்ததால் மனைவி கடையில் இருந்தாள். அவரும் பாப்பாவும் போனார்கள். மாடிப்படியில் பாப்பா இரண்டு தடவை நின்றாள். அவரும் அவளோடு நின்றார். இந்தத் தடவை அவள் தானாகவே அந்த நாற்காலியில் ஏறினாள். வலது கைப்பிடியின் டேப்பைப் பிடித்துக்கொண்டாள்.

டாக்டரம்மா கையுறையை மாட்டிக்கொண்டே, "அப்பா உள்ள இருக்கட்டுமா? பக்கத்துல இருந்தா தைரியமா இருக்கும்" என்றார்.

"வேணாம். அவர் வெளிய இருக்கட்டும்" என்றாள் பாப்பா, அப்பாவைப் பார்க்காமல்.

அவர் வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். பெஞ்சின் பஞ்சு அமுங்கிப்போய்ப் பலகை தட்டியது. வேறு நாளாக இருந்தால் கையால் அழுத்திப் பார்த்திருப்பார். உள்ளே பேச்சுக் குரல் கேட்டது, பிறகு அடங்கியது. கொஞ்ச நேரம் கழித்து மெஷின் சத்தம். அவர் முழங்கால்களை இறுகப் பிடித்துக்கொண்டார். சத்தம் நின்றது. அதற்குள் முடிந்துவிட்டதா என்று எழுந்தார். டாக்டரம்மாவின் குரல் ஏதோ கேட்டது, பாப்பா ஏதோ சொன்னாள், மறுபடி மெஷின் ஓடியது. இப்படி மூன்று தடவை. சத்தம் நிற்கிற ஒவ்வொரு தடவையும் உள்ளே அவள் இடது கை உயர்ந்திருக்கிறது என்று அவருக்குப் புரிந்தபோது, முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். எதிரே உட்கார்ந்திருந்த பெண், இவருக்கும் பல்வலி போலிருக்கிறது என்று பரிதாபமாகப் பார்த்தாள்.

பாப்பா வெளியே வந்தபோது உதடு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தது. நெற்றியெல்லாம் வியர்வை. மரத்துப்போன கன்னத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஐந்து நிமிடம் இருந்துவிட்டுப் போகச் சொன்னார்களாம்.

"வலிச்சுதாம்மா?"

"இல்ல. பயம்தான்." வார்த்தை குழறி வந்தது. "மூணு தடவ கைய தூக்குனேன். ஒரு தடவ சும்மாவே தூக்குனேன், நிறுத்துறாங்களான்னு பார்க்க. நிறுத்தினாங்க."

அதற்குமேல் அவரால் அடக்க முடியவில்லை. பதினேழு வருடமாகச் சொல்லாததைச் சொன்னார். அந்த ஆள் பெஞ்சு வேலை கொடுத்தார் என்பதற்காகத்தான் வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்றார். அந்த நாற்காலி கடைக்கு வந்ததையும், கைப்பிடியில் இருந்த நகக் குறிகளையும், யாருக்கும் காட்டாமல் அதை மூடிக் கொடுத்ததையும் சொன்னார். சொல்லச் சொல்லக் கொஞ்சம் பாரம் குறைகிற மாதிரிகூட இருந்தது.

"நீ வலிக்குதுன்னு கத்துன பாப்பா. அப்பா, அப்பான்னு என்னதான் கூப்ட்ட. எனக்கு நல்லா கேட்டுச்சு. கேட்டும் நான் கைய விடல."

பாப்பா கன்னத்திலிருந்து கையை எடுத்தாள்.

"கேட்டுச்சா?"

"கேட்டுச்சும்மா."

அவள் எதிர்ச் சுவரைப் பார்த்தாள்.

"அன்னைக்கு அந்த எச்சில் உறிஞ்சற மெஷின் அவ்ளோ சத்தம் போட்டுச்சு. டாக்டர் வேற ஏதோ பேசிட்டே இருந்தார். அதுல நான் கத்தினது உங்களுக்குக் கேக்கலன்னுதான் நெனச்சிட்டு இருந்தேன். இந்த நாலு நாள்ல அம்மாகூட ஒரு தடவ கேட்டா, அப்பா மேல உனக்குக் கோவமான்னு. பாவம், அவருக்குக் கேக்கலன்னு மனசுக்குள்ள சொல்லிக்கிட்டேன்."

குஷன்காரருக்கு அப்போதுதான் புரிந்தது. தன் பாரத்தை இறக்கி வைக்கிறேன் என்று, அவள் அவருக்காக இத்தனை வருடமாக வைத்திருந்த ஒரே ஒரு சமாதானத்தையும் பறித்துவிட்டார். என்னை மன்னித்துவிடு என்று கேட்கலாமென்று வாயெடுத்தார். எதைச் சொல்லி மன்னிப்புக் கேட்பது என்று தெரியவில்லை. கண்ணீர் வந்தது. பாப்பா அதைப் பார்த்தாள், துடைக்கச் சொல்லவில்லை.

உள்ளேயிருந்து டாக்டரம்மா எட்டிப் பார்த்து, அடுத்த செவ்வாய்க்கிழமை இதே நேரம், இன்னும் இரண்டு தடவை வரவேண்டியிருக்கும் என்று நினைவுபடுத்தினார். பாப்பா தலையாட்டினாள். எழுந்து செருப்பை மாட்டினாள். அவர் பெஞ்சிலேயே இருந்தார். அவள் நாலு படி இறங்கிவிட்டு நின்று, திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்.

"செவ்வாக்கிழமையும் வந்துடுங்க."

அவர் சரி என்பதற்குள் அவளே தொடர்ந்தாள்.

"உள்ள வேணாம். இங்கயே உக்காந்திருங்க."

"உக்காந்திருக்கேம்மா" என்றார் குஷன்காரர்.